சின்ன நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் நாடகம் கிழமைக்குக் கிழமை நடப்பதில்லை. பாடசாலை விழா, கோவில் திருவிழா, தமிழ்த்தினப் போட்டி, எப்போதாவது மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் ஒரு குழு என்று வருடத்துக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒன்று நடந்துவிட்டால், முடிந்ததும் நாலைந்து பேர் டச்பே கடற்கரையில் கச்சான் கடலைச் சுருளோடு குந்தியிருந்து அதை அலசாமல் வீட்டுக்குப் போவதில்லை. அங்கே வருகிற சந்தேகங்கள் ஒவ்வொரு தடவையும் அதே சந்தேகங்கள்தான்.

நான் விமர்சகி இல்லை. இருபது வயதில் வசனக் கொப்பியோடு திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தவள். அதற்குப் பிறகு முப்பது வருடமாகக் கதிரையில் இருந்து பார்க்கிறவள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நான் நாடகம் ஒண்டும் படிச்சதில்ல. நல்லாயிருக்கு, இல்ல எண்டு சொல்ல நான் ஆர்?

கூத்துக் களரியைச் சுற்றிப் பாய் போட்டு இருந்த எங்கள் அப்பம்மாக்கள் எவரும் அரங்கியல் படித்தவர்கள் இல்லை. ஆட்டம் பிழைத்தால், கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் முகம் மாறுவதற்கு முதலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். பார்த்துப் பார்த்து வந்த அறிவு அது. உங்களுக்கும் நாலு நாடகத்தில் வந்துவிடும்.

"நல்லாயில்ல" என்று வாய்க்கு வந்ததும், "எந்த இடத்தில்?" என்று உங்களையே ஒரு தடவை கேளுங்கள். "அண்ணன்காரன் கடிதத்தை வாசிக்கிற இடத்தில்" என்று பதில் வந்தால் நீங்கள் ஏற்கெனவே விமர்சனம் செய்யத் தொடங்கிவிட்டீர்கள். இடம் சொல்ல வராவிட்டால் இன்னும் கொஞ்சம் யோசிக்க இருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை மணிக்குப் போறது? எங்க இருந்தா நல்லம்?

அழைப்பிதழில் ஐந்து மணி என்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து நாடகம் தொடங்க ஆறேகால் ஆகும். அதற்காக ஆறுக்குப் போகாதீர்கள், நல்ல கதிரை கிடைக்காது. முதல் வரிசை விருந்தினருக்கு. அது கிடைத்தாலும் வேண்டாம். நமது மண்டபங்களில் மேடை உயரம், அங்கே இருந்தால் நடிகரின் கால் தெரியாது, கழுத்தும் நோகும். நாலாவது ஐந்தாவது வரிசை, நடுவில், தலைக்கு மேலே ஃபேன் இல்லாத இடம். ஃபேன் சத்தம் மெல்லப் பேசுகிற வசனம் முழுவதையும் தின்றுவிடும். வியர்த்தால் வியர்க்கட்டும்.

மூதூர், கிண்ணியா பக்கமிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தக் காட்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

காசு வாங்காமல் போட்ட நாடகம். அதில குறை பிடிக்கிறது சரியோ?

காசு வாங்கவில்லை, ஆனால் இரண்டு மணி நேரம் வாங்கினார்கள். சரிதான்.

நடிப்பு எண்டா எதைப் பார்க்கிறது? எனக்கு எல்லாரும் நல்லாத்தான் நடிக்கிற மாதிரி இருக்கு.

பேசாமல் நிற்கிறவரைப் பாருங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போக முடியும் என்றால் இதை எடுத்துக்கொண்டு போங்கள். அப்பா மகளிடம், "உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறன்" என்கிறார். எல்லோரும் அப்பாவைத்தான் பார்ப்போம். ஒரு தடவை மகளைப் பாருங்கள். பயிற்சி குறைந்த பிள்ளை தன் முறை வரும்வரை சும்மா நிற்கும். கண் மண்டபத்தில் அம்மாவைத் தேடும், கை தாவணியைச் சரிபண்ணும், அப்பா முடித்ததும் திடுக்கென்று அதிர்ச்சி வரும். கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு "வெளி" என்ற சொல்லிலேயே மூச்சு நின்றுவிடும். முகம் மாறிய பிறகுதான் வசனம் வரும்.

கோட்டை வாசலுக்கு அந்தப் பக்கம் திறந்தவெளியில் ஒரு தெருவெளி நாடகம் பார்த்தேன். இந்த ஊர் மான்களைத்தான் தெரியுமே, கடைத்தெருவிலும் நடந்து திரிபவை. ஒன்று நேரே ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்றது. கடனாளியாக நடித்த இளைஞன் மானைக் காணாத மாதிரி வசனத்தைத் தொடர்ந்தான். சனம் அவனை விட்டுவிட்டு மானைப் பார்த்தது. வட்டிக்காரனாக நடித்தவர் மானை மேலும் கீழும் பார்த்து, "நீயும் வட்டி கட்ட வந்தியோ?" என்று கேட்டுவிட்டு, அதே முகத்தோடு கடனாளி பக்கம் திரும்பினார். மான் போகும்வரை அவர் வட்டிக்காரனாகவே இருந்தார். இளைஞனின் குரல் அவருடையதைவிட நல்ல குரல். ஆனாலும் அன்று நடித்தவர் யார் என்று கேட்டால் நான் வட்டிக்காரரைத்தான் சொல்வேன்.

இன்னும் ஒன்று, உள்ளே வருகிற விதம். வயலிலிருந்து வருகிறவனும் வங்கியிலிருந்து வருகிறவனும் ஒரே நடையில் மேடைக்கு வந்தால், இருவரும் திரைக்குப் பின்னாலிருந்து மட்டும்தான் வருகிறார்கள்.

நல்லா அழுதா நல்ல நடிப்புத்தானே?

சனம் கைதட்டும், உண்மைதான். ஆனால் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சிகளில், ஒன்றாக அழுகையைச் சொல்லிவிட்டு, அது பிறக்கிற இடம் நாலு என்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் தன்னை இழிவுபடுத்தியதால் வருவது, இழந்ததால் வருவது, தளர்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. மேடையில் ஒருவர் அழும்போது, இது நாலில் எது என்று கேட்டுப் பாருங்கள். அவமானப்பட்டவன் முகத்தை மறைத்து அழுவான், பறிகொடுத்தவனுக்கு மறைக்கத் தோன்றாது. எந்தக் காட்சியிலும் ஒரே தேம்பல், ஒரே தோள் குலுக்கல் என்றால் அந்த நடிகருக்கு அழத் தெரியும், அந்தப் பாத்திரம் ஏன் அழுகிறது என்பது தெரியாது.

அழுகையை அடக்கப் பார்க்கிறவரைக் கவனியுங்கள். வாழ்க்கையில் நாமெல்லாம் அழாமல் இருக்கத்தானே பாடுபடுகிறோம்.

வசனம் மறந்து போச்சு. அதுக்கு எவ்வளவு குறைக்கலாம்?

நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன், நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி மறப்பார்கள். அதில் பாதி உங்களுக்குத் தெரியவே வராது. ஒரு நாடகத்தில் தாயாக நடித்தவர் ஒரு பந்தி முழுவதையும் விட்டுவிட்டார். நான் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவருக்குக் கேட்கவில்லை. அவர் மெல்ல எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் வார்த்துக் குடித்துவிட்டு வந்து, அடுத்த பந்தியைத் தொடங்கினார். முடிந்ததும் மூன்று பேர் வந்து, "அந்தத் தண்ணி குடிக்கிற இடம் அற்புதம்" என்றார்கள்.

ஆகவே மறந்ததற்குக் குறைக்காதீர்கள், மறந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். பாத்திரம் தடுமாறியதா, நடிகர் தடுமாறினாரா? கூட நின்றவர் கைகொடுத்தாரா, அல்லது தன் வசனத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாரா? முழு நாடகமும் இடறினால் மட்டும் ஒத்திகை போதவில்லை என்று எழுதலாம்.

மைக்குக்கு முன்னால எல்லாரும் வரிசையா வந்து நிண்டு பேசுறாங்க. இது ஆற்ற பிழை?

நெறியாளரின் பிழை. மேலே மூன்று மைக் தொங்கும். அந்த மூன்றுக்கும் கீழே மூன்று பேர், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. சண்டை பிடிக்கிற கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் நம்மைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். மைக் எங்கே வரும் என்பது ஒத்திகைக்கு முதலே தெரிந்த விஷயம். அதற்கேற்ற மாதிரி கதிரையை, வாசலை, நடையை அமைக்கலாம். முந்நூறு பேர் இருக்கிற மண்டபத்துக்கு மைக்கே இல்லாமல் குரலைப் பழக்கலாம், பழைய ஆட்கள் அப்படித்தான் நடித்தார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனி ஆடியில் திறந்தவெளியில் போட்டால் கச்சான் காற்று குரலை அள்ளிக்கொண்டு போய்விடும். அப்போது மைக்கோடு ஒட்டி நின்றால் மன்னித்துவிடுவேன். ஆனால் அந்த மாதத்தில் அந்த இடத்தைத் தெரிவு செய்தவரை அவ்வளவு இலேசாக விடமாட்டேன்.

மேடையில ஒரேயொரு கதிரைதான் இருந்தது. காசில்லாமலா, இல்ல அதுக்கு அர்த்தம் இருக்கா?

காசில்லாமல்தான் இருக்கும். ஆனால் அதிலிருந்து அர்த்தம் வரக்கூடாது என்று இல்லை. கூத்தில் காட்சித் திரைச்சீலை என்று எதுவும் கிடையாது. களரியை ஒரு தரம் சுற்றி வந்தால் காடு கடந்தாயிற்று, பாட்டில் சொன்னால் அரண்மனை வந்தாயிற்று. வறுமையால் மட்டும் அப்படி ஆனதில்லை, பார்க்கிறவர் மனத்தை நம்பியதால் ஆனது.

கதிரைக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். முதல் காட்சியில் அப்பா இருந்த கதிரை, அவர் செத்த பிறகு வெறுமையாக நடுவில் கிடக்கிறது, மற்றவர்கள் அதைத் தொடாமல் சுற்றிப் போகிறார்கள் என்றால் அது ஒரு பாத்திரம். இருக்க மட்டும் பயன்பட்டது என்றால் அது கதிரை.

எனக்குப் பிடிக்காதது பாதிப் பாதி. ஒரு பக்கம் உண்மையான குசினி, அடுப்பு, கிடாரம், தேங்காய் துருவும் பலகை. மறுபக்கம் கதவே இல்லாமல் காற்றில் கதவு திறக்கிற பாவனை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

லைட் பற்றி எனக்கு ஒண்டும் விளங்கிறதில்ல.

முகம் தெரிந்ததா? அதுதான் முதல் கேள்வி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கைச் சொல்லும்போது, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்தார்கள் என்று வருகிறது. அவ்வளவு பழைய அக்கறை இது. இன்றைக்கு நமது மண்டபங்களில் நேர் மேலே நாலு லைட் மட்டும் எரியும். கண்குழி இரண்டும் இருண்டு எல்லோரும் நோயாளி மாதிரித் தெரிவார்கள். முன்பக்கம் இடமும் வலமுமாக, ஏறத்தாழ 45 பாகை சரிவில் இரண்டு விளக்கு வைத்தாலே முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

நிற எல்இடி வந்த பிறகு இன்னொரு தொல்லை. சோகம் என்றால் நீலம், கோபம் என்றால் சிவப்பு, சாமி வந்தால் ஊதா. நடிகர் முகத்தால் சொன்னதை லைட்காரர் மறுபடியும் சொல்லத் தேவையில்லை. ஒரு காட்சியில் கரண்ட் போய், ஆரோ இரண்டு அரிக்கன் லாம்பு கொண்டுவந்து மேடை விளிம்பில் வைத்தார்கள். நாடகத்தின் நல்ல இருபது நிமிடம் அதுதான்.

எங்கட ஆக்கள் ஏன் மேடையில ஏறினதும் இந்தியத் தமிழ் கதைக்கிறாங்க?

சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும்தான் காரணம், வேறென்ன. நகைச்சுவைப் பாத்திரம் என்றால் உடனே சென்னைத் தமிழ், வில்லன் என்றால் மதுரைத் தமிழ். தம்பலகாமத்து விவசாயி, "இன்னாப்பா" என்று வாய் திறந்தால் நான் அந்த இடத்திலேயே நாடகத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறேன், உடம்பு மட்டும் கதிரையில் இருக்கும்.

இது புதிய பிரச்சினையும் இல்லை, தீர்க்க முடியாததும் இல்லை. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதினார். நானாடகம் என்ற அவருடைய தொகுப்பு 1940-இல் வெளிவந்தது. அவ்வளவு காலத்துக்கு முதலே வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கவனம், திருகோணமலைக் கதைக்கு யாழ்ப்பாணத் தமிழைப் பூசினாலும் அதே பிழைதான். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஒரு பேச்சு, நகரத்தில் ஒன்று, சம்பூரில் இன்னொன்று. ஒரே வீட்டில் வாழ்கிற நாலு பேர் நாலு ஊர்த் தமிழ் பேசினால் அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆம்பிளை பொம்பிளை வேஷம் கட்டினா எல்லாரும் சிரிக்கிறாங்க. அது நடிப்பின்ர குறையா?

கூத்தில் பெண் பாத்திரத்தை ஆண்கள் ஆடியதுதான் வழமை, அப்போது யாரும் சிரிக்கவில்லை. இன்று சிரிப்பது பழக்கம் விட்டுப்போனதால். முதல் ஐந்து நிமிடச் சிரிப்பை நடிகர் தலையில் கட்டாதீர்கள். பத்தாவது நிமிடமும் சிரிப்பு வந்தால், அவர் பெண்ணை நடிக்கவில்லை, பெண்ணைப் பழித்துக் காட்டுகிறார் என்று அர்த்தம். வேண்டுமென்றே சிரிப்புக்காகச் செய்தது என்றால், எனக்கு அலுத்துப்போன முசுப்பாத்தி அது.

கூத்தை எப்பிடிப் பார்க்கிறது? சமூக நாடகத்துக்குச் சொன்னதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

பேசாதவரைப் பாருங்கள் என்று முன்னே சொன்னதை இங்கே ஓரமாக வையுங்கள். கூத்தில் முதலில் பார்க்க வேண்டியது வரவு. அரசன் வருகிற ஆட்டம் வேறு, பெண் வருகிற ஆட்டம் வேறு, தூதுவன் வருகிற ஆட்டம் வேறு. வாய் திறப்பதற்கு முதலே யார் என்று தெரிய வேண்டும். மத்தளமும் தாளமும் காலும் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி உண்டு. வடமோடியில் ஆட்டம் வலியது, போர்க் கதைகள் அதிகம், கரப்புடுப்பு என்கிற விரிந்த உடுப்பு சுழல்வதே ஒரு காட்சி. தென்மோடியில் பாட்டின் இழைவு கூட. வடமோடிக்காரரைப் பார்த்து, "இவர் இழுத்துப் பாடவில்லையே" என்று குறைப்படுவது வீண்.

அடுத்தது, எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பது. வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருந்து, விடிய விடியப் பார்த்தது. 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் போன்றவற்றை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, இரவு முழுவதும் ஆடியதை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கினார். கூத்து மானம்பெற்றது என்று ஒரு சாரார், கூத்து கையைவிட்டுப் போனது என்று ஒரு சாரார். இன்றும் அந்த வழக்கு முடியவில்லை.

எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் மேடைக் கூத்தை மேடைக் கூத்தாகவே மதிப்பிடுவேன். சுருக்கினார்கள் என்றால் எதை விட்டார்கள்? பெரும்பாலும் ஆட்டத்தை வைத்துக்கொண்டு பாட்டை வெட்டுவார்கள், கதை தெரியாத பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. சுற்றி ஆட வேண்டியதை ஒரே நேர்க்கோட்டில் நம்மைப் பார்த்து ஆடுகிறார்களா, அல்லது மேடைக்குள்ளேயே ஒரு வட்டத்தை வைத்திருக்கிறார்களா? நான் எழுதினால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

கறுப்பு உடுப்போட பத்துப்பேர், ஒரு எடுத்துரைஞர், நடுவில பாட்டு. எல்லா நாடகமும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?

இதைக் கேட்டது பதினெட்டு வயதுப் பிள்ளை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எடுத்துரைஞரும் குழுவும் பாட்டுமாகக் கதை சொல்கிற முறை நமது அரங்கில் ஒரு தேவையால் வந்தது. 1985-இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாண்ட மண் சுமந்த மேனியர் போன்ற நாடகங்களில், ஒரு குடும்பத்தின் கதை போதாது, ஒரு சமூகத்தின் குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரலுக்கு அந்த வடிவம் பொருந்தியது.

பிறகு அது போட்டி நாடகத்தின் வாய்ப்பாடாகிவிட்டது. போதைப்பொருள் பற்றிய நாடகம் என்றாலும் டெங்கு பற்றிய நாடகம் என்றாலும் அதே கறுப்புச் சட்டை, அதே கை விரிப்பு, அதே "ஓ... ஓ..." என்ற ஓலம். ஒரு சோதனை செய்யுங்கள். அந்தக் குழுவை மனத்தால் எடுத்துவிட்டு நாடகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒன்றும் குறையாவிட்டால் அது அலங்காரம். இடத்துக்கு இடம் அவர்கள் கடலாகி, சந்தையாகி, வதந்தியாகிக் கதையைத் தள்ளினார்கள் என்றால் கறுப்புச் சட்டையை மறந்துவிடலாம்.

இடப்பெயர்வைப் பற்றின நாடகம் பார்த்து அழுதுட்டன். இனி அதில எப்பிடிக் குறை சொல்றது?

இதற்கு எனக்குச் சுலபமான பதில் கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்டவர்களும், 2006-இல் சண்டையால் மூதூரிலிருந்தும் சம்பூரிலிருந்தும் கையில் கிடைத்ததோடு வெளிக்கிட்டவர்களும் பக்கத்துக் கதிரையில் இருக்கிற ஊர் இது. மேடையில் ஒருவர் பையைத் தூக்கினாலே போதும், மிச்சத்தை நாமே நடித்துவிடுவோம். அழுதது நாடகத்தாலா, நினைவாலா என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நான் கேட்பது இது: நான் கொண்டுவராத எதையாவது அந்த நாடகம் எனக்குக் காட்டியதா? ஒரு நாடகத்தில் ஓடுகிற அவசரத்தில் ஒரு தாய் காய்ந்த உடுப்புகளை அவசரப்படாமல் மடித்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் கத்துகிறார்கள், அவர் சட்டையின் கையை உள்ளே மடித்துத் தடவுகிறார். வீட்டை விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு இன்னொரு விதமாகத் தெரிந்தது.

மற்ற வகையும் உண்டு. ஸ்பீக்கரில் குண்டுச் சத்தம், பதிவு செய்த அலறல், பின்திரையில் உண்மையான சடலங்களின் படம். அது நடிப்பும் இல்லை, காட்சியமைப்பும் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார். அந்த மாதிரி இடத்தில் பொருளின் கனத்துக்குப் பயந்து நான் வாயை மூடுவதில்லை.

சிங்கள நாடகம் ஒண்டு வருதாம். பாசை தெரியாம போய்ப் பார்க்கலாமா?

போங்கள். நடிப்பைப் பார்க்கப் பழக அதைவிட நல்ல வகுப்பு இல்லை. சொல் விளங்காதபோது கண் தானாகவே பேசாதவரிடமும், நிற்கிற இடைவெளியிடமும், குரலின் ஏற்ற இறக்கத்திடமும் போகும். எதிரிவீர சரச்சந்திரவின் மனமே என்ற சிங்கள நாடகம் 1956-இல் மேடையேறியது. அதன் அடிப்படையான நாடகம என்ற சிங்கள வடிவம் நமது கூத்தோடு உறவுடையது. அவருடைய வேலையைப் பார்த்த உந்துதலும் வித்தியானந்தனின் கூத்து முயற்சிக்குப் பின்னால் இருந்தது. ஆகவே அந்நிய வீட்டுக்குப் போகிற கூச்சம் வேண்டாம். கதையை மட்டும் முதலே யாரிடமாவது கேட்டுக்கொண்டு போங்கள்.

என்ட மருமகன் நடிச்சான். மேடையால இறங்கி வந்து "எப்பிடி மாமி?" எண்டு கேக்கிறான். என்ன சொல்ல?

மேக்கப் கலைக்காத முகத்துக்கு முன்னால் விமர்சனம் சொல்லாதீர்கள். "அந்தக் கடிதத்தை மடிச்சுப் பையில வைச்ச இடம் நல்லாயிருந்தது" என்று உண்மையாகவே பிடித்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "சூப்பர்" என்றால் நீங்கள் பார்க்கவேயில்லை என்று அவனுக்குத் தெரியும். மிச்சத்தை இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணியோடு சொல்லலாம், அவன் மறுபடி கேட்டால்.

ஓர் இடமும் பிடிக்கவில்லையா? "களைச்சுப் போயிருப்பாய், சாப்பிட்டியா?"

உயர்தரத்தில நாடகமும் அரங்கியலும் படிக்கிறன். விமர்சனம் எழுதச் சொல்லியிருக்கிறாங்க. எங்க தொடங்கிறது ரீச்சர்?

நான் ரீச்சர் இல்லை, ஆனால் நாலைந்து பேருடைய கொப்பியைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே நோய்: ஆறு பக்கத்தில் ஐந்து பக்கம் கதை. கதையை நாலு வரியில் முடியுங்கள். பிறகு உங்கள் மனத்தில் நின்ற ஒரு காட்சியை எடுத்து, யார் எங்கே நின்றார், என்ன வெளிச்சம், என்ன சத்தம், யார் எப்போது அசைந்தார் என்று பார்க்காதவருக்குத் தெரிகிற மாதிரி எழுதுங்கள். அந்தக் காட்சியிலிருந்தே நடிப்பு, ஒப்பனை, ஒளி எல்லாவற்றுக்கும் போகலாம். தலைப்புத் தலைப்பாகப் பிரித்து, "ஒளியமைப்பு சிறப்பாக இருந்தது, ஒப்பனை பொருத்தமாக இருந்தது" என்று அடுக்கினால் அது விமர்சனம் இல்லை, நன்றியுரை.

குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள். நாடகம் நடக்கும்போது போனை வெளிச்சமாக வைத்துக்கொண்டு எழுத வேண்டாம், பின்வரிசைக்காரர் சபிப்பார்.

நாடகம் பிழைச்சது. ஆனா எழுத்தாலயா, நெறியாள்கையாலயா, நடிப்பாலயா எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

நான் வைத்திருக்கிற கணக்கு இது, தப்பலாம். ஒருவர் மட்டும் எல்லாக் காட்சியிலும் சறுக்கினால் அவருடைய நடிப்பு. எல்லோரும் ஒரே காட்சியில் சறுக்கினால் நெறியாள்கை. எல்லோரும் நன்றாகச் செய்தும் நான் கொட்டாவி விட்டால் எழுத்து. மைக் பற்றிச் சொன்ன இடத்தில் நெறியாளரைக் குற்றம் சொன்னதும் இந்தக் கணக்கில்தான்.

கணக்கு பொய்க்கிற இடமும் இருக்கிறது. நல்ல நடிகர் ஒருவர் மோசமான வசனத்தை மூடி மறைத்துவிடுவார், அதனால் எழுத்து தப்பிவிடும். ஒரு நாடகத்தில் கதாநாயகி மிகவும் மந்தமாக இருந்தார் என்று நான் பலரிடம் சொல்லித் திரிந்தேன். வேறொரு குழு அதே பிரதியைப் போட்டபோது அந்தப் பாத்திரம் மறுபடியும் மந்தம். பார்த்தால் எழுதியவர் அந்தப் பெண்ணுக்கு மற்றவர்களுக்குத் தலையாட்டுவதைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் பிள்ளையைத் தேடிப் போய்ச் சொல்ல நினைத்தேன், அவள் அதற்குள் கலியாணம் கட்டிக் கனடா போய்விட்டாள்.

சனிக்கிழமை பார்த்தன், சரியில்ல. ஞாயிற்றுக்கிழமை பார்த்த என்ட சிநேகிதி அற்புதம் எண்டுறாள். ஆர் சரி?

இருவரும் சரி. சனிக்கிழமை மண்டபம் பாதி காலி, மழை, முன்வரிசையில் அழுகிற குழந்தை. ஞாயிற்றுக்கிழமை பாடசாலைப் பிள்ளைகள் நிறைந்து, முதல் முசுப்பாத்திக்கே சிரித்து, நடிகர்களுக்குக் கை கால் விடுபட்டிருக்கும். சின்ன நாடகங்கள் இரண்டு மூன்று தரம்தான் மேடையேறும், நடிகர்கள் பழகுவதற்குள் முடிந்துவிடும். முடிந்தால் கடைசி நாளைப் பாருங்கள்.

நான் என் கொப்பியில் நாடகத்தின் பெயருக்குக் கீழே முதலில் எழுதுவது, "ஞாயிறு, இரண்டாம் தரம், கரண்ட் ஒருமுறை போனது, நாலாம் வரிசை" என்கிற மாதிரி ஒரு வரி. உங்கள் சிநேகிதியிடமும் அப்படி ஒரு வரி எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.